துப்பாக்கி சேகரிப்புக்குக் காப்பீடு: தொகையைப் பார்க்கும் முன் வாசகத்தைப் பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். பழைய துப்பாக்கிகள் சேர்ப்பதில் ஆர்வம் உண்டு. அதற்கென மத்திய அரசு தரும் 03 வகை சேகரிப்பாளர் லைசென்ஸும் வைத்திருக்கிறேன். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள், இரண்டு மாடல் 94, ஒரு எம்1 கராண்ட் ராணுவ ரைபிள், ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள் இரண்டு, பிரவுனிங் ஷாட்கன், பழைய பாயின்ட் 22 ரைபிள், புதுத் துப்பாக்கிகள் மூன்று என மொத்தம் 11. எல்லாம் சேர்த்து 26,000 டாலர் பெறும் என்பது என் கணக்கு. கராஜில் ஒரு சேஃபில் இருக்கின்றன. வீட்டுப் பாலிசியில் பொருட்களுக்கு 2 லட்சம் டாலர் கவரேஜ் இருக்கிறது, தனியாக எதற்கு என்கிறார் ஏஜெண்ட். அது சரியா? தனியாக எடுத்தால் என் பட்டியல் அரசாங்கத்திடம் போய்விடுமா?

பதில்: ஏஜெண்ட் சொன்னதில் பாதிதான் சரி. வீடு தீப்பிடித்தால் அந்த 2 லட்சத்துக்குள் துப்பாக்கிகளும் அடக்கம். திருட்டுக்கு அது பொருந்தாது. பெரும்பாலான கம்பெனிகள் அடிப்படையாகக் கொள்ளும் எச்ஓ-3 வீட்டுப் பாலிசியில் தனி வரம்புகள் என்றொரு பகுதி உண்டு. பரவலாகப் புழங்கும் வாசகத்தில் நகை திருடு போனால் 1,500 டாலர், வெள்ளிச் சாமான் என்றால் 2,500, துப்பாக்கிகளும் அவற்றைச் சார்ந்த சாதனங்களும் என்றால் 2,500. இது ஒரு துப்பாக்கிக்கான தொகை அல்ல. 11-ம் போனாலும், அவற்றின் மேல் பூட்டிய ஸ்கோப்புகளும் சேர்ந்து போனாலும், மொத்தமே அவ்வளவுதான்.

டெக்சஸில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே டிடக்டிபிள் பல பாலிசிகளில் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று இருக்கும். வீட்டுக்கு 4 லட்சம் டாலர் போட்டிருந்தால் முதல் 4,000 உங்கள் பொறுப்பு. உங்கள் பாலிசி வரம்பை முதலில் போட்டு, அதன்பின் டிடக்டிபிளைக் கழிக்கும் வாசகம் கொண்டதாக இருந்தால், 26,000 டாலர் திருட்டுக்கு ஒரு டாலர்கூட வராது. முகப்புப் பக்கத்தில் டிடக்டிபிள் எவ்வளவு, அதை எந்த வரிசையில் கழிப்பார்கள் என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தைப் பதில் க்ளெய்ம் நாளில் உதவாது.

திருட்டு வரம்பை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள, பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு ஒன்றைச் சில கம்பெனிகள் மலிவாகத் தரும். இரண்டு மூன்று சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதுவே போதும். உங்களுக்குப் போதாது என்பது என் கருத்து. நீங்கள் வைத்திருப்பவற்றின் மதிப்பு, அவை பழையவை என்பதிலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன என்பதிலும்தான் இருக்கிறது. வீட்டுப் பாலிசிக்கு அந்த வகை மதிப்பைக் கணக்கிடத் தெரியாது.

"எனக்குப் புதுவிலைக் கவரேஜ் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லலாம். தேய்மானம் கழிக்காமல் புதிதாக வாங்கும் விலையைத் தரும் அந்த இணைப்பின் வாசகத்தைக் கடைசிவரை படியுங்கள். பழம்பொருட்கள், வயதாலோ வரலாற்றாலோ மதிப்புப் பெறும் சேகரிப்புப் பொருட்கள் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கும். அப்போது அவை தேய்மானம் கழித்த மதிப்புக்கு இறங்கிவிடும். சோபாவுக்கும் டிவிக்கும் வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பது நியாயம். 60 வயது தாண்டிய மாடல் 70-க்கும் அதே அட்டவணையை வைத்துக் கழித்தால், விலை ஏறிக்கொண்டே போகும் பொருளை விலை இறங்கும் பொருளாக்கிவிடுகிறார்கள். நீங்கள் வாதாடி மாற்றலாம், ஆனால் சுமை உங்கள் தலையில்.

ஆகவே தனிப் பட்டியலிட்ட இணைப்பாகவோ, சேகரிப்பாளர்களுக்கென்றே விற்கப்படும் தனிப் பாலிசியாகவோ எடுங்கள். பெரும்பாலானவற்றில் டிடக்டிபிள் இருக்காது, அல்லது மிகக் குறைவு. இன்ன ஆபத்துக்கு மட்டும் என்று எண்ணிச் சொல்லாமல், விலக்கியவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கவர் தருவார்கள். கை தவறி விழுந்து பின்கட்டை பிளந்தாலும், சுடும் பயிற்சிக்கான ரேஞ்சில் எங்கோ தவறவிட்டாலும் பணம் உண்டு. வீட்டுப் பாலிசியில் திருட்டு என்று நம்ப இடம் இருந்தால்தான் பேச்சே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பட்டியலில் மாடல் 70-க்கு எதிரே 3,000 என்று எழுதிவிட்டால் 3,000 கிடைக்கும் என்றே பலரும் நம்புகிறார்கள். பொதுவான பட்டியல் இணைப்பில் அப்படி இல்லை. தேய்மானம் கழித்த மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, அதேபோல் ஒன்று வாங்கும் செலவு, பட்டியலில் எழுதிய தொகை, இந்த நான்கில் எது குறைவோ அதைத்தான் கொடுப்பார்கள். 3,000 என்பது உச்சவரம்பு மட்டும். அதற்குப் பிரீமியம் கட்டுகிறீர்கள் என்பதால் அது கிடைத்துவிடாது.

இதில் "பழுதுபார்க்கும் செலவு" என்ற சொல்தான் சேகரிப்பாளரின் கழுத்தைப் பிடிப்பது. சேஃபுக்குள் ஈரம் ஏறி அந்த மாடல் 70-இன் குழலில் துரு பிடித்துவிட்டது, காரணம் கவருக்குள் வரும் ஒரு தீ விபத்து என்று வைத்துக்கொள்வோம். அட்ஜஸ்டர், அதாவது கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர், துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் விலை கேட்பார். துருவைத் தேய்த்து எடுத்து, பாலிஷ் போட்டு, மறுபடி நீலம் (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) ஏற்ற 400 டாலர் என்பார் அவர். 400-க்குக் காசோலை வரும். துப்பாக்கியும் பளபளவென்று திரும்பி வரும். ஆனால் பாலிஷ் சக்கரம் பட்டதும் குழலில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், திருகு ஓட்டைகளின் ஓரம் குழியும், ரிசீவரின் (குழல் பொருந்தும் நடு உடற்பகுதி) தட்டையான பக்கங்கள் லேசாக உருண்டுவிடும். வாங்க வருபவர் விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் முதலில் பார்ப்பதே இவற்றைத்தான். 3,000-க்குப் போக வேண்டியது 1,400-க்குக்கூடப் போகாமல் நிற்கும். பழுது சரியானது, மதிப்பு போனது.

இதற்கு மருந்து இரண்டு வாசகங்கள். ஒன்று, ஒப்புக்கொண்ட மதிப்பு: முழு இழப்பு என்றால் பட்டியலில் உள்ள தொகை அப்படியே தரப்படும் என்பது. மற்றொன்று, பகுதிச் சேதத்தில் பழுதுச் செலவோடு மதிப்பில் ஏற்பட்ட குறைவும் சேர்த்துத் தரப்படும் என்பது. இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு, அந்த வரிகளின் பிரதியை வாங்கிப் படித்தபிறகே பணம் கட்டுங்கள். பிரீமியம் 50 டாலர் கூடுதலாக இருந்தாலும் இந்த இரண்டும் உள்ள பாலிசியையே எடுக்கச் சொல்வேன்.

விலக்குகளையும் பாருங்கள். தேய்மானம், இயல்பாகப் படிந்த துரு, பூச்சி அரிப்பு, இயந்திரக் கோளாறு ஆகியவற்றுக்கு எந்தப் பாலிசியிலும் பணம் இல்லை. கன்ஸ்மித் வேலை செய்யும்போது அவர் கையால் ஏற்படும் சேதம் பல பாலிசிகளில் விலக்கு. சுடும்போது குழல் வெடிப்பதும் பெரும்பாலும் விலக்கு. தோட்டாவைத் தாங்களே தயாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டிக்குள் வைத்தபோது திருடு போனால், பூட்டை உடைத்த அடையாளம் இருக்க வேண்டும் என்று சிலர் நிபந்தனை போடுவார்கள். புதிதாக வாங்கியது எத்தனை நாளைக்குத் தானாகக் கவராகும் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதுவும் சொல்லப்படவில்லை என்றால் ஒரு நாள்கூட இல்லை என்றே கொள்ளுங்கள். துப்பாக்கிக் குண்டு யார் மேலாவது பட்டு வழக்கு வந்தால் இந்தப் பாலிசி வராது. அது வீட்டுப் பாலிசியின் பொறுப்புக் கவரேஜ் சார்ந்த விஷயம். அடிக்கடி வாங்கி விற்று லாபம் பார்க்கிறவர் என்றால் அது வியாபாரச் சரக்கு. அதற்கு வேறு பாலிசி மட்டுமல்ல, வேறு லைசென்ஸும் வேண்டும்.

11-ஐயும் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டியதில்லை. புதுத் துப்பாக்கிகள் மூன்று, பாயின்ட் 22 ரைபிள் போன்றவற்றை மொத்தத் தொகைக்குள் ஒரே கட்டாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மாடல் 70, இரண்டு மாடல் 94-இல் பழையது, கராண்ட், ரிவால்வர்களில் நல்லது ஆகியவை தனி வரியில் வரட்டும்.

26,000 என்பது எங்கிருந்து வந்தது? இணையத்தில் கேட்கும் விலைகளைக் கூட்டியது என்றால் அது நிற்காது. யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஏலத்தில் முடிந்த விலைதான் ஆதாரம். அதே மாடல், அதே காலிபர், அதே நிலையில் உள்ள இரண்டு மூன்று முடிந்த விற்பனைகளின் பிரதியை எடுத்து வையுங்கள். தனி வரியில் போடுபவற்றுக்கு எழுத்துப்பூர்வ மதிப்பீடு வாங்குங்கள். மதிப்பீட்டில் அசல் நீலம் எத்தனை சதவீதம் மிச்சம், பின்கட்டை அசலா, திருகுகள் மாற்றப்பட்டனவா, குழலின் உட்புறம் எப்படி என்பவை இருக்க வேண்டும். "நல்ல நிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் மதிப்பீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கராண்ட், பழைய ராணுவ ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிஎம்பி அமைப்பு வழியாக வந்தது என்றால் அதனுடன் கொடுத்த சான்றிதழைத் தேடி எடுங்கள். பழைய வின்செஸ்டர்கள் சிலவற்றின் தொழிற்சாலைப் பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; வரிசை எண் அந்தப் பதிவேடுகளுக்குள் வந்தால் கட்டணம் கட்டிக் கடிதம் வாங்கலாம். ஸ்மித் அண்ட் வெசனுக்கும் அதேபோல் கடிதம் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பைப் புதுப்பியுங்கள்.

வரிசை எண்ணில் நடக்கும் தவறுதான் அதிகம். ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரில் உருளையை வெளியே தள்ளினால், அதைத் தாங்கும் கையிலும் எதிரேயுள்ள வெட்டிலும் எண்கள் தெரியும். ஒன்று மாடல் எண், மற்றொன்று தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்க்கப் போட்ட எண். அதையே வரிசை எண் என்று எழுதிவிடுகிறார்கள். பழைய ரிவால்வர்களில் உண்மையான எண் பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். பெரிய மரப்பிடி மாட்டியிருந்தால் கழற்றினால்தான் கண்ணில் படும். மாடல் 94-இல் ரிசீவரின் அடியில், முன்பக்கம். கராண்டில் குறிபார்க்கும் பின் சைட்டுக்குப் பின்னால், ரிசீவரின் பின்முனையில். முன்னொட்டு எழுத்துகளை விடாதீர்கள். பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் குழப்பாதீர்கள். 1968-க்கு முன் தயாரான பல பாயின்ட் 22 ரைபிள்களில் எண்ணே இருக்காது, அன்று சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. அப்படியானால் கீறல், மரத்தின் ரேகை, பொறித்த எழுத்து எல்லாம் தெரியும்படி நெருக்கப் படம்தான் அதன் அடையாளம்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் முழுப்படம், எண்ணின் நெருக்கப் படம், பொறித்த எழுத்துகள், குறைகள் என்று எட்டுப் படமாவது எடுங்கள். குறைகளை மறைக்காமல் எடுத்தால் மற்றவற்றை நம்புவார்கள். தனிமனிதர்கள் எழுதி வைக்கவென்றே, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் வெளியிட்ட 3312.8 என்ற படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக்கொள்ளலாம். பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பட்டியலைச் சேஃபுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது பலர் செய்யும் தவறு.

இனி சேஃப். கடைகளில் கன் சேஃப் என்று விற்பவற்றில் பெரும்பான்மை, யுஎல் என்ற சோதனை நிறுவனத்தின் ஆர்எஸ்சி தரம். கைக்கருவிகளோடு ஒருவர் 5 நிமிடம் முயன்றாலும் திறக்கக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படைச் சோதனை. டிஎல்-15 என்றால் கருவிகளோடு 15 நிமிடம்; விலையும் எடையும் வேறு ரகம். கதவின் உட்பக்கச் சீட்டில் எது என்று பாருங்கள், விண்ணப்பத்தில் அதையே எழுதுங்கள். தரையில் நான்கு இடத்திலும் போல்ட் அடித்திருக்கிறதா? 300 கிலோ சேஃபைக் கராஜிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போக இரண்டு பேரும் திறந்த கதவும் போதும். "எப்போதும் சேஃபில் பூட்டி வைப்பேன்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு ஒன்றைப் படுக்கையறை மேசையில் வைப்பவராக இருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு பொய் மற்ற பத்தையும் சேர்த்து இழுக்கும்.

தீத்தாங்கும் தரம் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தச் சேஃப்களின் சுவருக்குள் இருப்பது ஜிப்சம் பலகை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். வெப்பத்தில் அந்த நீர் ஆவியாகி வெளியேறுவதால்தான் உள்ளே சூடு ஏறுவது தாமதமாகிறது. அந்த ஆவியில் ஒரு பகுதி உள்ளேயும் வரும். தீ அணைந்தபின் ஆவி குளிர்ந்து இரும்பின் மேல் நீராகப் படியும். எரிந்த பிவிசி குழாய்களின் புகையும் சேர்ந்தால் அது அமிலம். ஒரு தழும்பும் இல்லாமல் நிற்கும் சேஃபுக்குள் துப்பாக்கிகள் துருவேறிக் கிடப்பது இப்படித்தான். தீயணைப்புத் துறை அனுமதித்ததும், சேஃப் ஆறியதும் திறந்துவிட வேண்டும். அட்ஜஸ்டர் வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருக்கக்கூடாது. முதலில் படம், பிறகு நீரை விரட்டும் எண்ணெய். மேலும் சேதம் ஆகாமல் காப்பது பாலிசிப்படி உங்கள் கடமை; அதற்கான செலவு ரசீதையும் வையுங்கள். தேய்ப்பது, பாலிஷ் போடுவது மட்டும் வேண்டாம். வெப்பம் பட்ட ஸ்பிரிங்கும் ரிசீவரும் பதம் இழந்திருக்கலாம் என்பதால் கன்ஸ்மித் பார்க்காமல் எதையும் சுடாதீர்கள். அதே தீயில் கிடந்த தோட்டாக்களைப் பயன்படுத்தவே கூடாது.

திருட்டு என்றால் எதையும் தொடாமல் போலீஸை அழையுங்கள். டெக்சஸில் தனிமனிதர் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை, ஆனால் பாலிசி அதைக் கேட்கும். 03 லைசென்ஸ் உள்ளவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு: லைசென்ஸின் கீழ் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியவை திருடு போனதைக் கண்ட 48 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸுக்கும் ஏடிஎஃபுக்கும் தெரிவிக்க வேண்டும். எண்களைப் போலீஸ் தேசியக் குற்றத் தகவல் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டார்களா என்று கேட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பதிவுகள் அங்கே காலவரையின்றி இருக்கும். 10 ஆண்டு கழித்து ஒன்று அகப்பட்டால், இழப்பீடு வாங்கிவிட்ட துப்பாக்கி கம்பெனிக்கு உரியது. வாங்கிய பணத்தைக் கொடுத்துத் திரும்பப் பெறும் உரிமை பாலிசியில் இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள்.

டெக்சஸ் சட்டம் க்ளெய்ம் விஷயத்தில் உங்களுக்கு ஆதரவு. எழுத்தில் தெரிவித்த 15 நாளுக்குள் கம்பெனி பதில் தர வேண்டும். கேட்ட ஆவணம் எல்லாம் கைக்குப் போனபின் 15 வேலை நாளுக்குள் ஏற்பா மறுப்பா என்று சொல்ல வேண்டும். ஏற்றால் 5 வேலை நாளுக்குள் பணம். ஆகவே எல்லாவற்றையும் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பட்டியல் அரசாங்கத்துக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். டெக்சஸில் துப்பாக்கிப் பதிவேடு கிடையாது. மத்திய அரசு அப்படி ஒன்றை அமைக்கக்கூடாது என்று 1986 சட்டமே தடுக்கிறது. பாலிசிப் பட்டியல் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான வணிக ஆவணம். நீதிமன்ற உத்தரவு வந்தால் அவர்கள் கொடுத்தாக வேண்டும், அவ்வளவே. அதைவிட, ஏஜெண்ட் அலுவலகத்தில் யார் யார் கண்ணில் அது படும் என்பதுதான் எனக்குக் கவலை. சில சேகரிப்பாளர் பாலிசிகள் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டவற்றை மட்டுமே பெயரோடு கேட்கும். மற்றவற்றின் விவரம் உங்களிடமே இருக்கும்.

இதைப் படிக்கும் எச்-1பி விசாக்காரர்களுக்கு ஒரு சொல். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளுக்குள் வந்தால் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். காப்பீடு பற்றி யோசிப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கடைசியாக உங்கள் கராஜ். 2017 ஹார்வி புயலில் பார்க்கர் நீர்த்தேக்கத்தின் பின்னால் தேங்கிய நீர் கேட்டிப் பகுதி வீடுகளுக்குள் ஏறியது உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பாலிசி வெள்ளத்துக்கு வராது. அரசின் வெள்ளக் காப்பீடு வீட்டுப் பொருட்களுக்கு அதிகபட்சம் 1 லட்சம் டாலர் தரும், அதுவும் தேய்மானம் கழித்து. அதிலும் சேகரிப்புப் பொருட்கள், கலைப்பொருட்கள், நகை எல்லாம் சேர்த்து 2,500-தான். ஆகவே நீங்கள் எடுக்கும் சேகரிப்பாளர் பாலிசியில் வெள்ளம் அடக்கமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். இங்கே கராஜின் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்வு, கோடையில் அடுப்பு, ஈரம் வேறு. சேஃபை வீட்டுக்குள், வெளிச்சுவர் ஒட்டாத அறைக்கு மாற்றுங்கள். உள்ளே ஈரமானி ஒன்று வைத்து 50 சதவீதத்துக்குக் கீழே பாருங்கள். அதற்குச் சிறு சூடேற்றும் கம்பியோ சிலிக்கா ஜெல்லோ போதும். துப்பாக்கிகளை நுரைப் பெட்டியில் போட்டு உள்ளே வைக்காதீர்கள், நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. வளைகுடாவுக்குள் புயல் நுழைந்துவிட்டால் கம்பெனிகள் புதுக் கவரேஜ் தருவதை நிறுத்திவிடும்; அரசின் வெள்ளக் காப்பீட்டுக்குப் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. மதிப்பீட்டாளருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். படங்களை இந்த வாரமே எடுத்து, ஏப்ரல் முடிவுக்குள் பாலிசி கையில் இருக்கும்படி பாருங்கள்.